சிங்கப்பூர் பிரவீன்

கணவர் ராஜா முகம்மது வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பியதும் தஸ்னீம் தெருக்கதவைத் தாழிட்டாள். செல்போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறினாள். பக்கத்து மாடியில் யாருமில்லை. பிரவீனுக்குச் செய்தி அனுப்பினாள்: "இன்னைக்குப் பேசியே ஆகணும்."

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன் என்று செல்போனில் அறிமுகமானவன் பிரவீன். எழுதுவானே தவிர ஒருநாளும் பேசியதில்லை. தன் ஊர் போடிநாயக்கனூர் என்று அவள் எழுதிய அன்று மட்டும் வெகுநேரம் பதிலே வரவில்லை. அப்புறம் வழக்கம்போல, கிரிப்டோ காசு வாங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான்.

முதலில் போட்ட சின்னத் தொகை லாபத்தோடு கைக்கு வந்தது. அந்தத் தைரியத்தில் கல்யாண ஆரத்தை அடகு வைத்துப் போட்டாள். அவன் செல்போனில் இறக்கச் சொன்ன ஆப்பில் பணம் நாளுக்கு நாள் ஏறியது. எடுக்கப் போனால் மட்டும், வரி கட்டினால்தான் வரும் என்றது. வளையல்களை வைத்து வரியும் கட்டினாள். இப்போது இன்னொரு வரி.

காலையில்தான் ராஜா முகம்மது சொல்லியிருந்தார். "ஞாயித்துக்கெழம தங்கச்சி மக நிக்காஹ். அந்த ஆரத்த எடுத்துப் போட்டுக்க தஸ்னீம். நீ வெறுங்கழுத்தா வந்தா என்னையத்தான் கேப்பாக."

மிச்சமிருந்த கம்மலையும் நேற்று அடகுக்கடையில் வைத்துவிட்டு வந்திருந்தாள். முக்காடு போட்டிருந்ததால் அவர் கவனிக்கவில்லை.

தொழுகை முடியும் நேரத்தில்தான் செல்போன் அதிர்ந்தது. வாலிபக் குரல்.

"வணக்கம் மேடம், நான் பிரவீன் பேசுகிறேன். வரியைச் செலுத்திவிட்டால் முழுத் தொகையும் உங்கள் கணக்கிற்கு வந்துவிடும்." எதையோ பார்த்துப் படிப்பதுபோல் இருந்தது.

"போன தடவையும் இதத்தான சொன்னீக? என் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா நான் செத்தேன். இதுக்கு மேல எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. இதையும் போட்டா நெசமா வருமா?" சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வரும் மேடம். நேரமில்லை. வெரசாப் போடுங்க."

தஸ்னீமின் அழுகை சட்டென்று நின்றது. சிங்கப்பூரில் பிறந்தவன் வாயில் இந்தப் பக்கத்துப் பேச்சா?

"நீ எந்த ஊருப்பா?"

அந்தப் பக்கம் புரியாத பாஷையில் யாரோ அதட்டினார்கள். மேசையில் எதுவோ ஓங்கி அடிபட்டது.

கீழே தெருக்கதவு தட்டப்பட்டது. "தஸ்னீம்! பட்டப்பகல்ல எதுக்குத் தாப்பாப் போட்ருக்க?"

வேறு வழி தெரியவில்லை. "இந்தா, அனுப்பிர்றேன்" என்றாள் போனில்.

"போட்றாதீங்கக்கா." குரல் இப்போது கிசுகிசுப்பாக வந்தது. "ஒத்தப் பைசா திரும்பாது. எல்லாம் பொய்யி."

"அடப்பாவி! என்னையக் குடும்பத்தோட மூழ்கடிச்சுட்டியே! நீயெல்லாம் ஒரு தாய் வயித்துல பெறந்தவனா?"

அந்தப் பக்கம் தேம்பும் சத்தம் கேட்டது.

"வேலைன்னு கூட்டியாந்து எங்களப் பூட்டி வச்சு, இப்பிடி ஏமாத்தச் சொல்லி அடிக்கிறாய்ங்கக்கா. ஒங்க ஊருக்குப் பக்கத்துல, தேவாரத்துல இருக்குற எங்காத்தா அன்னக்கொடிகிட்ட, சின்ராசு உசுரோட இருக்கான்னு மட்டும் சொல்லிருங்க!"