டேப்பை மூடுகிறவன்

“வண்டியை நிறுத்தினதும் பெட்ரோல் டேப்பை மூடுறவன் குடும்பத்தைக் காப்பாத்துவான். மூடாதவன் கவுத்துடுவான். மனுஷனை எடை போட இதுக்கு மேல ஒரு தராசை இன்னும் எவனும் கண்டுபிடிக்கல” என்றார் கன்னியப்பன்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த புருஷோத்தமன், “சரிங்க” என்றான்.

பெண் பார்த்துப் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் பிடித்துப்போய்விட்டது. ஆனாலும் பையனைத் தனியாக வரவழைத்து ஒரு தரம் பேசிப் பார்க்காமல் தேதி குறிக்க மாட்டேன் என்று கன்னியப்பன் பிடிவாதமாக இருந்தார். தன் உப்பளத்துக்கு ஆள் எடுக்கும்போதும் அவர் இப்படித்தான். இன்று அவன் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். வந்து உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

அவருடையது பழைய கார்பரேட்டர் வண்டி. இப்போது வருகிற வண்டிகளில் டேப்பே கிடையாது என்பதை நாட்டின் வீழ்ச்சியாகக் கருதினார். பெருமுக்கல் ஊர்க்காரனான இந்தப் பையனும் தன் அப்பா ஓட்டிய பழைய வண்டியைத்தான் ஓட்டுகிறான் என்று தரகர் சொன்ன பிறகுதான் ஜாதகத்தையே கையில் வாங்கினார். திண்டிவனத்தில் லேப் டெக்னீசியன் வேலை என்பதெல்லாம் அப்புறம் காதில் விழுந்ததுதான்.

“கிளியனூர்ல எங்க அண்ணன் மருமவன் ஒருத்தன் இருக்கான். டேப்பை மூடாமலே நிறுத்துவான். பெட்ரோல் பூரா இறங்கி இன்ஜின் ஆயில்ல கலந்துடுச்சு. ஏன்டான்னா, அவசரத்துல மறந்துட்டேன் மாமாங்கிறான். அவசரத்துல மூச்சு விட மறந்தியாடான்னேன்.”

புருஷோத்தமன் சிரித்தான். சமையலறை வாசலில் காபியோடு நின்ற இலக்கியாவும் சிரித்தாள். ஒரு மாதமாக மகள் போனும் கையுமாக மாடியில் ஏறி உட்கார்ந்திருப்பது யாரோடு பேசுவதற்கு என்று கன்னியப்பனுக்குத் தெரியும். இந்தச் சம்பந்தம் கலைந்தால் அவள் என்ன ஆவாள் என்பதும் ஓரளவு தெரியும். கொள்கை என்று ஒன்று இருக்கிறதே.

திடீரென்று மூக்கை உயர்த்தினார்.

“பெட்ரோல் வாசனை வருதே?”

வந்தது. கடற்காற்றோடு ஜன்னல் வழியாகத் தாராளமாக வந்தது.

“வாசல்ல வண்டி ஒழுகுது” என்றார், டாக்டர் வியாதியின் பெயரைச் சொல்வதைப் போல. “இப்பதான தம்பி சொல்லிக்கிட்டிருந்தேன்?”

புருஷோத்தமன் வாயைத் திறந்தான். இலக்கியாவைப் பார்த்தான். மூடிக்கொண்டான். கன்னியப்பன் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

“நான் பார்த்துட்டு வர்றேங்க. ஒரு ஸ்க்ரூ டிரைவரும் காலி கேனும் கிடைக்குமா?”

இலக்கியா ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள்.

“வந்த பிள்ளையை இப்படியா வெயில்ல உக்கார வெச்சு வேலை வாங்குவாங்க?” என்றாள் அம்சவல்லி. “நீங்களும் போய்ப் பாருங்களேன்.”

“நான் எதுக்குடி? தப்பு பண்ணவன் திருத்தட்டும்” என்று மனைவியை அடக்கிவிட்டுக் காபியைக் குடித்தார். ஜன்னலில் பையனின் குனிந்த தலை மட்டும் தெரிந்தது. கேனில் பெட்ரோல் இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் எதையோ சுரண்டும் சத்தம்.

புருஷோத்தமன் திரும்பி வந்தபோது வெள்ளைச் சட்டையில் கறுப்பாக ஒரு தீற்று இருந்தது.

“என்ன ஆச்சு?”

“டேப்பு திறந்தே இருந்துதுங்க. உள்ள வாஷர் வேற இறுகிப் போச்சு. உப்புக்காத்து பட்டு எல்லாம் பூத்துக் கிடந்துது. சுத்தம் பண்ணி, வாஷரைப் புரட்டிப் போட்டு, கேன்ல இருந்ததைத் திரும்ப ஊத்திட்டேன். கொஞ்ச நாள் தாங்கும். புதுசு மாத்திடணுங்க.”

“முன்னாடியே மாத்தியிருக்கணும்.”

“ஆமாங்க.”

“நிறுத்தினவன் மூடியிருக்கணும்.”

“மூடியிருக்கணுங்க.”

கன்னியப்பனுக்கு ஒரு கணம் மனசு இளகியது. உடனே சமாளித்துக்கொண்டார்.

“தப்பை ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும் தம்பி. அது உங்ககிட்ட இருக்கு. டேப்பை மூடுற பழக்கம் இல்ல. நீங்க வேற இடம் பாத்துக்குங்க.”

“ஏங்க!” என்றாள் அம்சவல்லி.

புருஷோத்தமன் கைகூப்பி, “வர்றேங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

கன்னியப்பன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிக்கரை உதைக்கும் சத்தமே வரவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது.

“பாத்தீங்களா? ஸ்டார்ட் ஆகல. தள்ளிக்கிட்டே போறான்.”

“அவரு வண்டியே எடுத்துக்கிட்டு வரலப்பா” என்றாள் இலக்கியா. “பஸ்ல வந்தாரு. வாசல்ல நிக்கிறது நம்ம வண்டி. காலையில பலகாரம் வாங்கிட்டு வந்து நிறுத்தினது நீங்க. உங்களை அவர் எதிர்ல சங்கடப்படுத்த வேணாம்னு நான்தான் சொல்லாதீங்கன்னு கண்ணைக் காட்டினேன்.”

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய கன்னியப்பன், “மாப்ள! மாப்ள!” என்று கத்திக்கொண்டே படிக்கட்டை நோக்கி ஓடினார், டேப்பை மூடாமல்.