உள்வாசல் டூட்டி

"சட்டையை ஒழுங்கா இன் பண்ணுங்க வாலஸ். கடைக்கு வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

வாலஸ் அவசரமாகச் சட்டையை உள்ளே செருகிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது, முன்னால் தள்ளிய தொப்பை, ஆகஸ்ட் மாத டெக்ஸஸ் வெயில். இத்தனையும் சேர்ந்தால் எந்தச் சட்டைதான் உள்ளே நிற்கும்?

கண்டித்தவன் ஷேன். இருபத்தேழு வயது. இருவருமே நகரப் போலீஸ்தான். டூட்டி முடிந்ததும் அதே சீருடையில், இடுப்பில் அதே துப்பாக்கியோடு இந்த ஃபர்னிச்சர் கடைக்குக் காவல் நிற்க வந்துவிடுவார்கள். ஊர் போலீஸில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வேலை உண்டு. இலாகாவும் அனுமதி கொடுத்திருக்கிறது. கடை முதலாளி முதன்முதலில் பேசியது ஷேனிடம் என்பதால், யார் என்றைக்கு வரலாம், எங்கே நிற்கலாம் என்று அட்டவணை போடுவது அவன்தான். இந்தக் கடை வாசலில் அவன் வைத்ததுதான் சட்டம்.

"அடுத்த மாசமும் எனக்கு கார் பார்க்கிங்தானா, ஷேன்?"

"ஆமா. ஏன்?"

"முட்டி வலி உயிர் போகுதுப்பா. சாயங்காலம் ஆறு மணிக்குக்கூட தார் கொதிக்குது. உள்வாசல்ல போட்டீன்னா ஏசி இருக்கு. அப்பப்ப அந்த சோபால…"

"அது விக்கிறதுக்கு வச்சிருக்கற சோபா வாலஸ்."

வேறு யாராவது என்றால் வேலையை முகத்தில் விட்டெறிந்துவிட்டுப் போயிருப்பார்கள். வாலஸால் முடியாது. இரண்டு முன்னாள் மனைவிகளுக்கும், கடனில் வாங்கிய ஒரு மீன்பிடிப் படகுக்கும் மாதாமாதம் அழ வேண்டியிருந்தது.

"உள்வாசல் யாருக்குக் குடுத்திருக்க?"

"மார்லாவுக்கு."

"அவ சின்னப் பொண்ணு. எங்க நிறுத்தினாலும் நிப்பா."

"சின்னப் பொண்ணு நேரத்துக்கு வர்றா. நீங்க நேத்து ஆறு நிமிஷம் லேட்டு."

"ஆபீஸ்ல மீட்டிங் இழுத்துடுச்சு."

"அந்தக் கதையெல்லாம் அங்க. இங்க ஆறு மணின்னா ஆறு மணி."

வாலஸ் தலையை ஆட்டினார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் முட்டி வலி அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஷேன் சுற்றுமுற்றும் பார்த்தான். பேச்சில் இருந்த முறைப்பு கொஞ்சம் குறைந்தது.

"நாளைக்குக் காலைல என் மேல விசாரணை. ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

"நீங்களும் வருவீங்கல்ல?"

"வந்துதானே ஆகணும்."

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் நடந்த விஷயம். துணி துவைக்கும் மெஷின்கள் வைத்துக் கடை நடத்தும் பெனவிடஸ் அம்மாளிடம் ஒருவன் கத்தியோடு வந்து நின்றான். அவர் எப்படியோ போலீஸுக்கு போன் போட்டுவிட்டார். அந்த வட்டாரத்தில் அப்போது ரோந்து டூட்டி ஷேனுக்கு. இரண்டே தெரு தள்ளியிருக்கும் கடைக்கு வந்து சேர அவனுக்கு நாற்பது நிமிடம் ஆனது. அரசாங்கச் சம்பள நேரத்தில் அவன் இங்கே, தள்ளுபடி விற்பனைக் கூட்டத்தை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தான். அதற்குள் அந்தம்மாள் கையில் கத்திக்குத்து, ஏழு தையல். புகார் கொடுத்துவிட்டார்.

"முதலாளி வாயைத் திறக்க மாட்டாரு" என்றான் ஷேன். "கேமரா பதிவு பத்து நாள்லயே தானா அழிஞ்சிடுச்சு. அன்னிக்கு என்னை இங்க பார்த்த போலீஸ்காரர் நீங்க ஒருத்தர்தான்."

"ஆமா. எனக்கு அன்னிக்கு லீவு. இதே பார்க்கிங்லதான் நின்னேன்."

"என்ன பார்த்தீங்க?"

வாலஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. ஏழு தையல் என்று கேட்டதிலிருந்து அவருக்கு மனசே சரியில்லை. இவனை விடக்கூடாது என்று வீட்டில் தனியாக உட்கார்ந்து இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டதும் உண்டு. ஆனால் அப்படிச் சொல்லும்போதெல்லாம் உட்கார்ந்துகொண்டிருந்தார். இப்போது நின்றுகொண்டிருந்தார்.

"இந்த வெயில்ல கண்ணு கூசுது ஷேன்" என்றார் மெதுவாக. "யாரு நிக்கறா, யாரு போறான்னு சரியாத் தெரிய மாட்டேங்குது."

ஷேன் சிரித்துவிட்டான். "உள்வாசல் ஒரு மாசம். போதுமா?"

"கிறிஸ்துமஸ் வரைக்கும்."

"சரி, கிறிஸ்துமஸ் வரைக்கும்."

"ஒரு நாற்காலியும்."

"ரொம்பத்தான் பேரம் பேசறீங்க" என்றபடி ஷேன் போனை எடுத்து, மார்லாவை வெயிலுக்கு மாற்றினான்.

மறுநாள் காலை ஒன்பது மணி. பெனவிடஸ் அம்மாள் காயம்பட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு காத்திருந்தார். ஷேன் ஒரு ஓரமாகக் கைகட்டி நின்றான். கதவு திறந்ததும் விறைத்து நிமிர்ந்து ஒரு சல்யூட் அடித்தான்.

"நீங்க நடந்ததைச் சொல்லுங்கம்மா" என்றபடி நீதிபதி மாதிரி நடுவில் வந்து அமர்ந்தார், போலீஸ்காரர்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் பிரிவின் தலைவர் வாலஸ். அரை மணி நேரம் குறுக்கே பேசாமல் அத்தனையையும் கேட்டுவிட்டு, 'கண்ணால் பார்த்த சாட்சி ஒருவரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.