உப்புப் பனியில் தொய்ந்த கயிறு

வெண்டெலின் வலது தோள் கழன்று விழுந்துவிடும்போல வலிக்கிறது. புடாபெஸ்டுக்கு வெளியே தகரக் கொட்டகைக்குள் உப்பைக் கொட்டிப் பரப்பிய போலித் துருவப் பனியில், ஆளுக்கொரு கயிற்றின் வாரைத் தோளில் மாட்டிக் காலையிலிருந்து படகை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடரில் இவர்கள் பனியில் ஒவ்வொருவராகச் சாகப்போகும் மாலுமிகள். முகத்தில் நிஜக் களைப்பு வேண்டுமென்று படகுக்குள் செங்கல் அடுக்கியிருக்கிறார் இயக்குநர். வெளியே ஜூலை வெயில். கம்பளிக் கோட்டுக்குள் ஓடும் வியர்வை, வார் அறுத்த புண்ணில் எரிகிறது. பக்கத்து வாரில் அவன் தங்கை புருஷன் ஆர்பாட். வெண்டெல்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தான். "இழுங்க மச்சான், விட்றாதீங்க!" என்று ஆர்பாட் பெரிதாக முக்குகிறான். விளக்குகள் அணைகின்றன. இயக்குநர் வந்து வெண்டெலின் முகத்தை உற்றுப் பார்க்கிறார். "அருமை! சாவுக்களை வந்திருச்சு. நாளைக்கே உங்களப் புதைச்சிரலாம்." புதைத்தால் வேலை போயிற்று; மற்றவர்களுக்குக் குளிர்காலம் வரை சம்பளம். "நீ தெம்பா இருக்கே, கடைசி வரைக்கும் இரு" என்று ஆர்பாடின் முதுகில் தட்டிவிட்டுப் போகிறார். வெண்டெல் திரும்பிப் பார்க்கிறான். தன் கயிறு இன்னும் விறைத்து நிற்கிறது. ஆர்பாடின் கயிறு தொய்ந்து உப்பில் கிடக்கிறது. அவன் கோட்டில் வார் அழுத்திய தடமே இல்லை. "வாடிப்போனவனத்தான் மொதல்ல சாகடிப்பாங்கன்னு காலையிலயே பேசிக்கிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா மச்சான்?" என்கிறான் ஆர்பாட். வெண்டெல் வாரைக் கழற்றுகிறான். ஒரு பகல் முழுக்க இழுக்காமல் விட்ட தன் பங்குப் பாரம், ஆர்பாட் அவனுக்குப் பாக்கி.