மிஸ், தண்ணி குடிக்கப் போகட்டுமா?

"மிஸ், தண்ணி குடிக்கப் போகட்டுமா?"

"இப்பதானே போயிட்டு வந்தே?"

"அது போன தாகம் மிஸ். இது வேற."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பயிற்சி ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவில் அவளுக்கு அது முதல் நாள். அன்றைக்கு அவள் கத்திய கத்தலில் பாடம் நடந்ததோ இல்லையோ, தொண்டை கட்டிக்கொண்டது.

ஆசிரியர் அறையில் கணக்கு சார் அவளைப் பார்த்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த நாலு பேர்கிட்ட மாட்டிட்டீங்களா? தாகம் தாகம்னு ஓடறவன் தண்ணி பார்ட்டி. வாயே மூடாதவன் ரேடியோ. ஜாமெட்ரி பாக்ஸைக் கீழே போட்டுக்கிட்டே இருக்கறவன் டப்பா. எதுக்கெடுத்தாலும் 'ஏன் மிஸ்?'னு கேக்கற பொண்ணு வக்கீலம்மா."

"நீங்க எப்படி சார் சமாளிக்கிறீங்க?"

"ஒரே முறைப்புதான். சிரிச்சீங்க, தொலைஞ்சீங்க."

மறுநாள் அவளும் முறைத்துப் பார்த்தாள். "மிஸ், கண்ணுல தூசியா? ஊதி விடட்டுமா?" என்று உருக்கமாகக் கேட்டான் ரேடியோ.

வீட்டில் அண்ணனிடம் சொன்னால் அவனும் சிரித்தான். "நம்ம வீட்டு நாயே நீ சொன்னா கேக்காது. உனக்கெதுக்குடி இந்த வேலை?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதற்கு முன் பயிற்சிக்கு அனுப்பிய பள்ளியில், பாதிப் பாடத்தில் அழுதுகொண்டே வெளியே ஓடி வந்தவள் அவள். இங்கேயும் தலைமை ஆசிரியை 'தேர்ச்சி' என்று கையெழுத்துப் போடாவிட்டால், டீச்சர் ஆசையை மூட்டை கட்டி வைக்க வேண்டியதுதான்.

"ஓடினவ நான்தாண்ணா. ஆனா இந்தத் தடவை ஓட மாட்டேன். நீ வேணா பாரு!"

அடுத்த வாரம் கத்துவதை நிறுத்தினாள். மேசைமேல் ஒரு சிவப்பு சாக்பீஸை வைத்தாள். "தண்ணி வேணும்னா என்னைக் கேக்க வேண்டாம். இதை எடுத்துட்டுப் போங்க, வந்ததும் திருப்பி வெச்சிடுங்க." அனுமதியே தேவையில்லை என்று ஆனதும் தண்ணி பார்ட்டிக்குத் தாகமும் எடுக்கவில்லை.

ரேடியோவை எழுப்பிப் பாடத்தை உரக்கப் படிக்க வைத்தாள். இரண்டு பக்கம் தாண்டியதும், "மிஸ், வேற யாராவது படிக்கட்டுமே!" என்று அவனே கெஞ்சினான். ஜாமெட்ரி பாக்ஸ் தடாலென்று விழும்போதெல்லாம் அவள் திரும்பியே பார்க்காமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். டப்பாவுக்குக் குனிந்து குனிந்து பொறுக்கி இடுப்பு வலித்ததுதான் மிச்சம்.

வக்கீலம்மாதான் லேசில் மசியவில்லை.

"ஏன் மிஸ், ரேடியோவை மட்டும் படிக்கச் சொல்றீங்க? இது பாரபட்சம் இல்லையா?"

"நல்ல கேள்வி. மணி அடிச்சதும் பதில் சொல்றேன்."

மணி அடித்தது. டீ குடிக்கக்கூடப் போகாமல் அவள் அந்தப் பெஞ்சுக்கு வந்தாள். "நீ சொன்னதுல பாதி சரி. நாளையிலிருந்து எல்லாரும் முறை வெச்சுப் படிக்கலாம்."

"பாதி இல்ல மிஸ், முக்கால்" என்றாள் வக்கீலம்மா. ஆனாலும் முதல் தடவையாக எழுந்து நின்று சொன்னாள்.

பயிற்சியின் கடைசி நாள் வந்தது. தலைமை ஆசிரியை ஓசைப்படாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். மழை எப்படி உண்டாகிறது என்று பாடம் தொடங்கியதுதான் தாமதம், நாலு பேரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டார்கள்.

"மிஸ், சிவப்பு சாக்பீஸைக் காணோம்!"

"மழையா? எங்க மாமா ஒருநாள் மழையில..."

தடால்!

"ஏன் மிஸ், எங்களுக்கெல்லாம் தெரிஞ்ச பாடத்தையே நடத்தறீங்க?"

முன்பென்றால் அழுதிருப்பாள். இப்போது பேச்சை நிறுத்தினாள். தன் கையிலிருந்த சாக்பீஸைத் தண்ணி பார்ட்டியிடம் நீட்டினாள். ரேடியோவின் பெஞ்சருகே போய் நின்றாள். அப்படியே வகுப்பைப் பார்த்துப் புன்னகையோடு காத்திருந்தாள். சத்தம் தானாக அடங்கியது. "தெரிஞ்ச பாடமா? அப்ப மேகம் ஏன் கீழே விழலைன்னு வக்கீலம்மா சொல்லட்டும்" என்றாள் மெல்லிய குரலில். அது காதில் விழ வேண்டுமே என்று நாற்பது தலைகள் முன்னால் சாய்ந்தன. அதன்பிறகு மணி அடிக்கும்வரை வகுப்பு அவள் கைக்குள் இருந்தது.

தலைமை ஆசிரியை எழுந்தார். "நீங்க நாலு பேரும் என் ரூமுக்கு வாங்க."

பயிற்சி ஆசிரியை குறுக்கே வந்து நின்றாள். "மேடம், அவங்களைத் தண்டிக்காதீங்க. இது என் வகுப்பு. நான் பார்த்துக்கறேன்."

"உங்க வகுப்பா?" என்று அவளை ஏற இறங்கப் பார்த்தார் அவர். "கையெழுத்து விஷயம் மதியம் பேசலாம்."

அறைக்குள் நாலு பேரும் கைகட்டி வரிசையாக நின்றார்கள். தலைமை ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு வந்து பேனா மூடியைத் திறந்தார்.

"உண்மையைச் சொல்லணும். எப்படி?"

"தேறிட்டாங்க மேடம்" என்றாள் வக்கீலம்மா. "இன்னிக்கு நாலு பேரும் சேர்ந்து பண்ணியும் அசரலை. கணக்கு சார்தான் இன்னும் தேறலை."

சிரிப்பை அடக்கிக்கொண்டு தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்டார். "சரி, திங்கட்கிழமை புதுசா ஒரு பயிற்சி சார் வர்றார். ரெடியா இருங்க."

டப்பா தயங்கித் தயங்கித் தன் ஜாமெட்ரி பாக்ஸை நீட்டினான். "மேடம், அதுக்குள்ள புது பாக்ஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்க. அஞ்சு பேரை டீச்சராக்கினதுல இது நசுங்கிப் போச்சு!"