கொம்பனுக்கு இந்த வார இரை

“இவனைச் சும்மா விடக் கூடாது அக்கா! இந்த வாரம் கொம்பன் இவனைத்தான் முழுங்கணும்!”

ஓவியர் தூரிகையை மைக்குப்பியில் முக்கிய வேகத்தில் மேஜையெங்கும் கறுப்புப் புள்ளிகள் தெறித்தன. எதிரே உட்கார்ந்து கடிதம் படித்துக்கொண்டிருந்தவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். அந்தச் சிறுவர் வார இதழுக்கு வருகிற கடிதங்களையெல்லாம் பிரித்துப் படிப்பது அவள் வேலை. அதனால் அலுவலகத்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் தபால் அக்காதான்.

“முழுசாக் கேளுங்க தம்பி. இன்னும் பாதிகூடப் படிக்கலை. அதுக்குள்ள குதிக்கிறீங்க.”

கொம்பன் அந்த இதழின் சித்திரத் தொடரில் வருகிற பூதம். இரண்டு கொம்பு, மூன்று கண், தண்ணீர்த் தொட்டி அளவுக்கு வயிறு. சிட்டு என்கிற சிறுமிக்குக் காவல். அவளுக்குப் பின்னல் போட்டுவிடும். பள்ளிக்கூடத்துக் கதையை அவள் மணிக்கணக்கில் அளந்தாலும் ஒரு கொட்டாவி விடாமல் கேட்கும். அவளை அழவைத்தவர் யாராக இருந்தாலும் ஒரே வாயில் விழுங்கிவிடும்.

வாரா வாரம் கொம்பனுக்கு இரை யார் என்பதை முடிவு செய்வது வாசகப் பிள்ளைகள். தங்களைப் படுத்தி எடுக்கிறவரின் அங்க அடையாளங்களை எழுதி அனுப்புவார்கள். மற்ற பக்கங்களை முடித்து எடுத்து வரும் ஓவியர், இரையின் பக்கத்தை மட்டும் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைவார். அக்கா வாய்விட்டுப் படிப்பாள். அவர் காதால் கேட்டே முகத்தைக் கொண்டுவந்துவிடுவார். கை நிறைய மை இருக்கும் என்பதால் கடிதத்தை அவர் தொடுவதே இல்லை.

வழக்கமாக மாட்டுகிறவர்கள் கணக்கு வாத்தியார், பந்தைத் திருப்பித் தராத பக்கத்து வீட்டுக்காரர் போன்ற அப்பாவிகள். இந்த வாரக் கடிதம் வேறு மாதிரி. எழுதியவள் ஒன்பது வயதுப் பெண். பெயர் போடவில்லை, முகவரியும் இல்லை.

“‘அம்மா வேலைக்குப் போயிட்டா வீட்டுல அவரும் நானும்தான். அவர் எப்பவும் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருப்பார். வெளியே வந்தா கண்ணு ரெண்டும் செவந்திருக்கும். நான் பேசினா பதிலே வராது. மறுபடியும் கூப்பிட்டா கத்துவார்.’”

“குடிகாரப் பய! உள்ளே உட்கார்ந்து ஊத்திக்கிறான்.”

“‘போன வாரம் எனக்குக் காய்ச்சல். அதைச் சொல்லத்தான் கதவைத் தட்டினேன். சொல்றதுக்குள்ள கையைப் பிடிச்சு வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டுட்டார். நான் அங்கேயே தரையில படுத்துத் தூங்கிட்டேன்.’”

ஓவியர் தூரிகையை மேஜையில் ஓங்கி வைத்தார்.

“இவனெல்லாம் மனுஷனா? அந்தக் குழந்தை எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவே போய்த் தூக்கிட்டு வந்துடறேன்.”

“எங்கேன்னு போவீங்க? தபால்லகூட வரலை தம்பி. நம்ம வாசல் பெட்டியில யாரோ போட்டுட்டுப் போயிருக்காங்க. போலீசுக்குப் போனாலும் யாருன்னு சொல்றது?”

“அப்ப ஒரே வழிதான். மூஞ்சியை அச்சு அசலா வரையறேன். அக்கம்பக்கத்துல இருக்கறவங்க பார்த்ததுமே ‘அட, இவனா?’ன்னு கேக்கணும். தெருவுல தலை காட்ட முடியாமப் பண்றேன். படிங்க, ஆள் எப்படி இருப்பான்?”

“‘நெத்தி பெரிசு. அதுல ரெண்டு கோடு இருக்கும். நான் பேச ஆரம்பிச்சா மூணாயிடும்.’”

“ஆகும், ஆகும். அப்புறம்?”

“‘மூக்கு கொஞ்சம் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும். காது ரெண்டும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். தாடையில சின்னதா ஒரு பள்ளம். முன்னாடியெல்லாம் நான் அதுல விரலை வெச்சு அழுத்துவேன். இப்ப கிட்டயே போக முடியலை.’”

ஓவியர் ஆவேசம் வந்தவர்போல வரைந்தார். இத்தனை வருடத்தில் எந்த முகமும் இவ்வளவு சரளமாகக் கையிலிருந்து வந்ததில்லை. கொம்பனின் பற்களுக்கு நடுவே அந்த ஆள் பிதுங்கி நின்றான்.

“கடைசியில ஒண்ணு எழுதியிருக்கா. ‘அவரை முழுங்கினதும் கொம்பன் எங்க வீட்டுக்கே வந்துடட்டும். எனக்குப் பின்னல் போட்டுவிட யாரும் இல்லை.’”

அக்கா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து ஆசிரியர் உள்ளே வந்தார். இந்தப் பக்கம் இன்னும் அச்சுக்குப் போகவில்லையே என்று அவர் நிலைகொள்ளாமல் அலைந்துகொண்டிருந்தார்.

“முடிஞ்சுதா, இல்லையா?” என்று பக்கத்தைத் தூக்கிப் பார்த்தவர் குபீரென்று சிரித்துவிட்டார். “குறும்புய்யா உமக்கு! கொம்பனுக்கு இந்த வாரம் உம்மையே படைச்சுட்டீரா? அப்படியே உரிச்சு வெச்சிருக்கீரே!”

அக்கா அவசரமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பிறகு ஓவியரைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஓவியர் மைக் கையோடு எட்டி அந்தக் கடிதத்தைப் பிடுங்கினார்.

வீட்டில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண் சிவக்கச் சிவக்க, வாரா வாரம் அவர் கொம்பனை வரைகிற அறைக்கு வெளியே இருக்கும் அவருடைய ஒரே மகளின் கையெழுத்து அது.