முதுகில் ஒரு புலி

"சின்னத் துளை போதாது. முதுகைத் திறந்துதான் நரம்பை அழுத்துற எலும்பை எடுக்கணும். விட்டா கால் விழுந்துடும்," என்றார் தாய்லாந்தின் சியாங் மாய் ஆஸ்பத்திரி டாக்டர்.

நிரன் தலையாட்டி மறுத்தான். "திறந்தா என் முதுகுப் புலி ரெண்டா கிழியும், டாக்டர். புத்த பிக்கு மந்திரம் சொல்லிக் குத்தின பச்சை. அது போனா எனக்குக் காவலே இல்ல. துளையே போடுங்க."

மனைவி கன்யா அவன் கழற்றிய சட்டையை வாங்கி மடித்தாள்.

ஊசி போட வந்த நர்ஸ் அவன் முதுகை ஸ்பிரிட்டால் துடைத்தாள். பஞ்சு கறுத்தது. புலியின் வாலைக் காணோம்.

நிரன் தலைகுனிந்தான். "பச்சை குத்துற ஊசிக்குப் பயந்து, அப்பப்ப ஆள் வச்சு மையில வரைஞ்சுக்கிறேன், கன்யா. இப்ப கத்தின்னா..."

"தெரியும். கல்யாணமான மறுநாளே படுக்கை விரிப்புல பாதிப் புலி கிடந்துச்சு. துவைச்சவ நான்தானே?"

அவன் அவள் கையை இறுகப் பற்றினான்.

"விட்டுடாத... டாக்டர், திறந்தே பண்ணுங்க."