மனைவியின் தொழில்: இல்லை

படகுக்காரர் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பியபோது, அவர் மனைவி கட்டிலில் கால் நீட்டிப் படுத்து வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். பதினெட்டு வருஷத்தில் இப்படி ஒரு காட்சியை அவர் பார்த்ததே இல்லை.

முந்தின நாள்தான் வினை வந்தது. மீனவர் சங்கத்தில் உறுப்பினர் அட்டைக்காக வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்திருந்தார்கள். தன் தொழில் 'மீன்பிடித்தல்' என்று கொட்டை எழுத்தில் எழுதியவர், மனைவியின் தொழில் என்ற இடத்தில் யோசிக்காமல் 'இல்லை' என்று எழுதிவிட்டார். அவர் கொண்டுவரும் மீனை நாள் தவறாமல் சந்தையில் விற்பவள் அவள்தான்.

அவள் சண்டை போடவில்லை. படிவத்தை இரண்டு தடவை படித்தாள்.

"இல்லாத வேலைக்கு நான் எதுக்குங்க போகணும்?" என்றவள், மறுநாள் நிஜமாகவே படுத்துவிட்டாள்.

இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. உட்கார்ந்த இடத்தில் மீன் விற்பதெல்லாம் ஒரு வேலையா, மதியத்துக்குள் கூடையைக் காலி பண்ணிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் படிவத்தை மாற்றி எழுதுகிறேன் என்று சவால் விட்டார். அவள் பக்கத்தைப் புரட்டியபடியே சரி என்றாள்.

சந்தையில் அவருக்கு வாயே திறக்கவில்லை. சூறைக்காற்றில் படகைத் திருப்பிய மனுஷனுக்கு, 'மீனு, மீனு' என்று கூவக் கூச்சமாக இருந்தது. ஒருவர் விலை கேட்டார். இவர் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் அடுத்த கடையில் வாங்கிவிட்டார். ஓர் அம்மாள் செதில் சீவித் தரச் சொன்னாள். இவர் சீவிய வேகத்தில் மீனில் பாதிதான் மிஞ்சியது, அவளும் வேண்டாமென்று போய்விட்டாள். ஒரு பூனை மட்டும் நம்பிக்கையோடு எதிரில் உட்கார்ந்திருந்தது.

பதினொரு மணிக்கு ஐஸ் கரையத் தொடங்கியது. கூடவே அவருடைய வீறாப்பும் கரைந்துகொண்டிருந்தபோது, அடுத்த தெருத் தையல்காரம்மா வண்டியில் வந்து இறங்கினாள்.

வீட்டில் விசேஷம், அறுபது பேருக்குச் சமையல், கூடையோடு அத்தனையும் வேண்டும் என்றாள். இவர் வாய்க்கு வந்த விலையைச் சொல்ல, பேரமே பேசாமல் கொடுத்துவிட்டாள். மிச்சமிருந்த ஐஸை மேலே பரப்பி, ஈரச் சாக்கால் பதவிசாக மூடினாள்.

"அண்ணே, அந்தத் தராசையும் குடுங்க. சாயங்காலம் தந்துடறேன்."

விசேஷ வீட்டில் தராசு எதற்கு என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. ஆளுக்கு இவ்வளவு என்று நிறுத்துப் பரிமாறுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்து எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு நேரே போக மனசு வரவில்லை. டீக்கடையில் உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் வியாபார நுணுக்கம் சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்தில் மூன்று டீ உள்ளே போனது. பிறகு வெறும் கையை வீசிக்கொண்டு, மாப்பிள்ளை நடையில் வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி காலையில் பார்த்த அதே கோலத்தில் கட்டிலில் இருந்தாள். இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கூடை மொத்தத்தையும் ஒரே ஆள் தலையில் கட்டிய வீரக்கதையை விலாவாரியாகச் சொன்னார்.

"வியாபாரம்னா பெரிய வித்தையா? ஆளோட முகத்தைப் பார்த்தே எடை போடணும். அது எனக்குப் பிறவியிலேயே இருக்கு," என்றார்.

அவள் தலையாட்டினாள். படிவம் அப்படியே போகட்டும் என்று சொல்லி, அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அறுபது பேரும் இந்நேரம் சாப்பிட்டு முடிச்சிருப்பாங்க, பாவம்," என்றார் திருப்தியாக.

அவள் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"விசேஷமே இல்லீங்க. அந்தக் கூடையை ஆள் வெச்சு வாங்கினதும் நான்தான், பஸ் ஸ்டாண்டுல ரெண்டு மடங்குக்கு வித்ததும் நான்தான்."